பவுனம்மாள் பிடித்து வைத்த ஆறு இடங்கள்

“காலையில பத்து மணிக்கு அங்க நிழல் எந்தப் பக்கம் விழும்மா?”

இரண்டு வருஷத்துக்கு முன்னால், சர்ச்சுக்காக இடம் கேட்ட வாடிக்கையாளர் குளோரியா ஆன்டி தொலைபேசியில் கேட்ட கேள்வி அது. புனிதா வேலைக்குச் சேர்ந்து அன்றைக்கு நான்காவது நாள். பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை. “ஹலோ, லைன்ல இருக்கியாம்மா?” என்று ஆன்டி ஏழெட்டு முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, லைன் சரியில்லை என்று தானே முடிவுகட்டி, தொலைபேசியை வைத்துவிட்டார். லைன் நன்றாகத்தான் இருந்தது.

அன்று சாயங்காலமே புனிதா பிரிக்பீல்ட்ஸில் நீல அட்டை போட்ட ஒரு நோட்டு வாங்கினாள்.

வாய்ப்பேச்சுக்கும் அவளுக்கும் என்றைக்குமே ஆகாது. பள்ளிக்கூடத்தில் நான்காம் படிவம் படிக்கும்போது வகுப்புக்கு முன்னால் நின்று ஐந்து நிமிஷம் பேச வேண்டும் என்று ஒரு சோதனை வைத்தார்கள். அந்த வாரம் வயிற்றுவலி என்று வீட்டில் இருந்தவள், அடுத்த வாரமும் இருந்தாள், பிறகு அப்படியே இருந்துவிட்டாள். ஆனால் விரல் பேசும். கைத்தொலைபேசியில் மலாயிலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் மூச்சுவிடாமல் தட்டுவாள். கிளாரன்ஸ் அங்கிளுக்கு அது போதும்.

கிளாரன்ஸ் அங்கிள் மோட்டார்ஹோம் வாடகைக்கு விடுகிறவர். படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கிற வண்டிகள், மொத்தம் ஏழு. வண்டிகள் நிற்பது கிள்ளானில் ஒரு பெரிய கொட்டகையில். ஆபீஸ் பிரிக்பீல்ட்ஸில், சேலைக் கடைக்கு மேல் மாடியில். வண்டியை எடுக்கிறவர்கள் அதைக் கொண்டுபோய் எங்கே நிறுத்தித் தங்குவது என்று இடம் பிடித்துக் கொடுப்பது புனிதாவின் வேலை. அப்படி ஒரு வண்டி நிற்கிற இடத்தைத் தாப்பாக் என்று சொல்வார்கள். ஒவ்வொரு கேரவன் பார்க்கிலும் முப்பது நாற்பது தாப்பாக் இருக்கும், எல்லாவற்றுக்கும் நம்பர் போட்டிருக்கும். இணையத்தில் பார்த்தால் எல்லா நம்பரும் ஒரே மாதிரி பச்சைக் கட்டம்தான். நேரில் போனால் ஒன்று சொர்க்கமாக இருக்கும், பக்கத்துக் கட்டம் கழிவறைக்கு வாசலாக இருக்கும்.

வண்டி ஒப்படைக்க அங்கிள் போகும்போதெல்லாம் புனிதாவும் பின் சீட்டில் ஏறிக்கொள்வாள். அவர் வாடிக்கையாளருக்குத் தண்ணீர்த் தொட்டியையும் கேஸ் குழாயையும் விளக்கிக்கொண்டிருக்க, அவள் நம்பர் நம்பராகப் போய் நிற்பாள். மோந்து பார்ப்பாள். மரம் எந்தத் திசையில் என்று பார்ப்பாள். கொசு கடிக்கிறதா என்று கையை நீட்டிக் காத்திருப்பாள். திரும்பி வந்து யாருக்கும் தெரியாமல் நோட்டில் எழுதுவாள். நீல நோட்டு நிறைந்து, பச்சை நோட்டு நிறைந்து, இப்போது சிவப்பு நோட்டு நடக்கிறது. நோட்டு என்று ஒன்று இருப்பதே அங்கிளுக்குத் தெரியாது. “அந்தப் பிள்ளைக்குக் கைராசி லா. அது பிடிக்கிற இடம் எதுவும் சோடை போனதில்ல” என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். கைராசி என்றே இருக்கட்டும் என்று அவளும் விட்டுவிட்டாள்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த இடத்தில்தான் கென்னத் வந்து சேர்ந்தான்.

கென்னத், அங்கிளுடைய தங்கச்சி மகன். நிர்வாகப் படிப்பு படித்தவன். தண்ணீர் குடிக்கும்போதும் பேசுவான். எப்படி என்று புனிதா பலமுறை கவனித்துப் பார்த்தும் பிடிபடவில்லை. வந்த முதல் வாரமே மடிக்கணினியைத் திறந்து வைத்து, கைராசியை நம்பி வியாபாரம் செய்யக் கூடாது, எல்லாவற்றுக்கும் ஒரு சிஸ்டம் வேண்டும் என்று மாமாவுக்கு ஒரு மணி நேரம் பாடம் எடுத்தான். அங்கிள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். கடைசியில் புனிதாவின் தலையில் இடியை இறக்கினார்.

அடுத்த மாதம் கிள்ளான் கொட்டகையின் முகப்பில் ஒரு கவுன்டர் திறக்கப் போகிறார். வருகிறவர்களைச் சிரித்து வரவேற்று, உட்கார வைத்து, வண்டியைச் சுற்றிக்காட்டிப் பேச ஒரு ஆள் வேண்டும். இடம் பிடிக்கிற வேலைக்கு மாடியில் ஒரு ஆள் போதும்.

“குளோரியா ஆன்டி சர்ச்சுலேர்ந்து ஆறு வண்டி கேட்டிருக்காங்க. டிசம்பர் ரெண்டாவது சனிக்கிழமை, பந்தாய் டெலிமா. கென்னத், இடத்த நீ பிடி. நல்லபடியா முடிச்சிட்டா புக்கிங் உனக்கு. புனிதா கிள்ளான் கவுன்டருக்குப் போகட்டும். அதுக்கும் நாலு பேரோட பேசிப் பழக்கம் வரட்டும்.”

நாலு பேர். புனிதா மனசுக்குள் எண்ணிப் பார்த்தாள். கவுன்டரில் ஒரு நாளைக்கு நாற்பது பேர் வருவார்கள். நாற்பது பேரும் வாயைப் பார்ப்பார்கள். பள்ளிக்கூடத்திலிருந்தாவது வீட்டுக்கு ஓடலாம். வீட்டுக்கு வாடகை கொடுப்பதே இந்த வேலை என்றால் எங்கே ஓடுவது?

கென்னத்தின் சிஸ்டம் இரண்டு நாள் உழைத்தது. பந்தாய் டெலிமா என்கிற அந்தக் கடற்கரை கேரவன் பார்க்கைப் பற்றி இணையத்தில் இருந்ததெல்லாம் ஒரு சூரிய அஸ்தமனப் படமும், யாரோ ஒருவர் போட்ட ஐந்து நட்சத்திரமும்தான். மூன்றாம் நாள் புனிதா மதியச் சாப்பாடு முடிந்து படியேறி வந்தபோது, மேலே நாற்காலி அவசரமாக நகரும் சத்தம் கேட்டது. அவளுடைய இழுப்பறை ஒரு விரல்கடை திறந்திருந்தது. சிவப்பு நோட்டு தலைகீழாகக் கிடந்தது. பந்தாய் டெலிமா பக்கத்தில், புதிதாக ஒரு சாம்பார்த் துளி. கென்னத் ஜன்னலுக்கு வெளியே இரயிலைப் பார்த்துக்கொண்டு, மழை வரும் போலிருக்கிறது என்றான். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

கேட்டுவிட வாய் வரவில்லை. நான்கு மணிக்குக் கீழே வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்குத் தேநீர் வாங்கப் போனாள். அங்கே பரிமாறும் இர்ஃபான் தமிழ்நாட்டிலிருந்து வேலை பெர்மிட்டில் வந்தவன். புனிதாவைக் கண்டதும் அவனுக்குச் சிரிப்பு வந்தது.

“உங்க ஆபீஸ் அண்ணன் தமிழ் படிக்கிறாராக்கா? போன்ல போட்டோ எடுத்து வச்சுக்கிட்டு ஒவ்வொரு எழுத்தா கேக்குறாரு. சூன்னு ஆரம்பிச்சா என்ன வார்த்தை, ஒரு இடத்தப் பத்தின்னாரு. சூப்பருன்னேன். கொன்னு ஆரம்பிச்சா? கொண்டாட்டம்னேன். நா? நாகரிகம்னேன். ஆறு டேபிளுக்கு ரசம் ஊத்திக்கிட்டே என்னத்த யோசிக்கிறது?”

“நி?” என்றாள் புனிதா. தெரியாமல் வாயிலிருந்து வந்துவிட்டது.

“நிறுத்தாதேன்னேன். வெளிய போர்டுல அதானே எழுதியிருக்கு.”

புனிதா தேநீர்ப் பையைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டின் பாதியில் உட்கார்ந்துவிட்டாள். சத்தமில்லாமல் சிரிக்கிற வழக்கம்தான் அவளுக்கு. அன்றைக்குத் தோள் குலுங்கி, தேநீர் பாதி சிந்தியது.

விஷயம் இதுதான். கென்னத் படித்ததெல்லாம் மலாயிலும் ஆங்கிலத்திலும். அவனுக்குத் தெரிந்த தமிழ், ஞாயிறு பள்ளியில் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்ட தமிழ். ஒவ்வொரு எழுத்தாக ஏணியில் ஏறுகிற மாதிரி படிப்பான். புனிதாவோ நோட்டில் ஒவ்வொரு பார்க்குக்கும் முதலில் ஒரு பட்டியல் போடுவாள், நம்பருக்கு ஒரு எழுத்து; விவரமெல்லாம் அடுத்த பக்கங்களில் இருக்கும். எந்த எழுத்துக்கு என்ன அர்த்தம் என்று முதல் பக்கத்தில் எழுதியிருந்தாள். படியில் அவளுடைய காலடி கேட்ட அவசரத்தில் கென்னத் பட்டியலைத் தவிர வேறு எந்தப் பக்கத்தையும் புரட்டவில்லை. அவளிடம் வந்து கேட்கவும் முடியாது. கேட்டால் எங்கே பார்த்தாய் என்று ஆகும்.

மறுநாள் காலையில் அவன் பிடித்த இடம் ஆபீஸ் குழுவில் வந்து விழுந்தது. பதினேழு முதல் இருபத்திரண்டு வரை. சூப்பரான இடம், கொண்டாட்டமான சூழல், நாகரிகமான அக்கம்பக்கம் என்று மூன்று வரி விளக்கமும் இருந்தது. ஆறு முதல் பதினொன்று வரை வண்டி நிறுத்தவே கூடாத இடம் என்று ஒரு எச்சரிக்கையும் கூடவே. கிளாரன்ஸ் அங்கிள் மூன்று கட்டைவிரல் அனுப்பினார்.

புனிதா கணக்குப் போட்டுப் பார்த்தாள். சொல்லிவிட்டால் கென்னத் இடத்தை மாற்றிக்கொள்வான், அவளுடைய நோட்டை வைத்தே ஜெயிப்பான், அவள் கவுன்டருக்குப் போவாள். சொல்லாவிட்டால் குளோரியா ஆன்டியின் சர்ச் மொத்தமும் வெயிலில் வறுபடும். அந்தக் கூட்டம் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வண்டிகளுக்கு வெளியே நாற்காலி போட்டு, கிதார் வைத்துக்கொண்டு ஆராதனை நடத்தும். நிழலைப் பற்றி அன்றைக்கு ஆன்டி கேட்டதும் அதற்காகத்தான்.

ஆகவே மூன்றாவதாக ஒரு காரியம் செய்தாள். அம்மாவின் பழைய கைத்தொலைபேசி வீட்டில் சும்மா கிடந்தது. அதில் ஒரு புது சிம் போட்டு, பந்தாய் டெலிமாவைப் பார்த்துக்கொள்ளும் பக்கிரிசாமிக்கு ஒரு செய்தி அனுப்பினாள். டிசம்பர் இரண்டாவது சனிக்கிழமை, ஆறு முதல் பதினொன்று வரை, ஆறு வண்டி. பெயர் என்ன போடட்டும் பாஸ் என்று பதில் வந்தது. மனசில் முதலில் வந்த பெயரைப் போட்டாள். பவுனம்மாள்.

பெயரைத் தட்டியதும் ஆளும் கற்பனையில் முழுசாக வந்துவிட்டாள். பவுனம்மாளுக்கு ஐம்பத்தெட்டு வயது. செந்தூலில் சொந்த வீடு. மூன்று மருமகன்கள், மூவரும் அவளுக்கு நடுங்குகிறவர்கள். பாசாரில் மீன்காரன் அவளைப் பார்த்தால் எடைக்கல்லைத் துடைத்து வைப்பான். அன்றிரவு நோட்டில் பவுனம்மாளுக்கு என்று ஒரு முழுப் பக்கம் ஒதுக்கினாள் புனிதா.

சனிக்கிழமை வந்தது. கிள்ளானிலிருந்து ஆறு வண்டியும் வரிசையாகக் கிளம்பி, பந்திங் ஊரைத் தாண்டி, மதியம் பன்னிரண்டு மணிக்குக் கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்தன. கென்னத் கையில் ஒரு கோப்புடன் தன் காரிலிருந்து முன்னால் இறங்கி, இந்தப் பக்கம், இந்தப் பக்கம் என்று வழிகாட்டினான். பதினேழு முதல் இருபத்திரண்டு வரை ஒரு மொட்டைத் திடல். புல்கூட வெயிலுக்குப் பயந்து வளராத இடம். இடப்பக்கம் பொதுக் கழிவறை. வலப்பக்கம் இறால் குளத்திலிருந்து வரும் வாய்க்கால். வாய்க்கால் மேல் கொசு, பட்டப்பகலிலேயே, ஒரு வேலையும் இல்லாததுபோல் மிதந்துகொண்டிருந்தது.

குளோரியா ஆன்டி இறங்கினார். ஒரு முறை மூச்சை இழுத்தார். கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார்.

“கென்னத், இங்க ஜெபம் பண்ணா கர்த்தரே மூக்கப் பொத்திக்கிட்டுதான் கேக்கணும்.”

“காத்து இன்னிக்கு மட்டும் இந்தப் பக்கம் அடிக்குது ஆன்டி. நாளைக்கு ஓகே ஆயிடும்.”

“நாளைக்கு நாங்க உயிரோட இருக்கணும்ல?”

கிளாரன்ஸ் அங்கிள் நெற்றியைத் துடைத்தார். நூறு அடி தள்ளி, சவுக்கு மரங்களுக்குக் கீழே ஆறு இடங்கள் வரிசையாக, குளுகுளுவென்று காலியாகக் கிடந்தன. அதைப் பார்த்தார். மருமகனைப் பார்த்தார். கென்னத் பக்கிரிசாமியிடம் ஓடினான். அதெல்லாம் பவுனம்மாள் என்று ஒரு அம்மா பிடித்து வைத்திருக்கிறார்கள், இன்னும் வந்து சேரவில்லை, வேண்டுமானால் அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள் என்று பக்கிரிசாமி நம்பரைக் கொடுத்தார்.

புனிதா மூன்றாவது வண்டியின் தண்ணீர்க் குழாயைச் சரிபார்க்கிற சாக்கில் பின்பக்கம் போனாள். கென்னத்தின் செய்தி வந்தது. ஆங்கிலத்தில், மிகவும் பணிவாக, ஆன்டி என்று இரண்டு இடத்தில் போட்டு, இடத்தை மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேட்டிருந்தான். அவள் தமிழில் பதில் தட்டினாள். ஒரு நிமிஷம் கழித்து கென்னத் வண்டியைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்தான். பழைய கைத்தொலைபேசி அதற்குள் அவள் பைக்குள் போய்விட்டது.

“தங்கச்சி, இந்தம்மா தமிழ்ல அனுப்புறாங்க. கொஞ்சம் படிச்சுச் சொல்லு.”

புனிதா வாங்கினாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள். தான் எழுதியதைத் தானே படித்தாள்.

“தம்பி, நான் உனக்கு ஆன்டி இல்ல. ஆறு இடத்தையும் நான் ஒரு மாசத்துக்கு முன்னாலயே பிடிச்சேன். நீ அப்போ என்ன பண்ணிக்கிட்டு இருந்த?”

கென்னத்தின் முகம் சுருங்கியது. பத்து நாளைக்கு முந்திப் பிடித்ததை ஒரு மாதம் என்று சொல்வது பவுனம்மாளின் சுபாவம்; புனிதா அதில் தலையிடவில்லை. அவன் மறுபடி கெஞ்சி அனுப்பினான். சர்ச் ஆட்கள், பெரியவர்கள் என்றெல்லாம் எழுதினான். புனிதா குழாயை இன்னொரு முறை பார்க்கப் போனாள். கென்னத் மறுபடி ஓடி வந்தான். இந்த முறை பின்னாலேயே கிளாரன்ஸ் அங்கிளும் குளோரியா ஆன்டியும் வந்தார்கள்.

“என்ன சொல்றாங்க அந்தம்மா?” என்றார் அங்கிள்.

அவளையும் சேர்த்து நான்கு பேர். மூன்று பேர் அவள் வாயைப் பார்த்தார்கள். ஆனால் படிக்க வேண்டியது பவுனம்மாளின் வார்த்தைதானே. புனிதா படித்தாள்.

“சர்ச்சுக்குன்னு சொல்ற. சரி. ஒரு கேள்வி கேக்குறேன், சரியா சொன்னா ஆறு இடத்தையும் விட்டுத் தரேன். ஆறாம் நம்பர்ல காலையில பத்து மணிக்கு நிழல் எந்தப் பக்கம் விழும்?”

குளோரியா ஆன்டி நிமிர்ந்து பார்த்தார். “நல்ல கேள்வி. கென்னத், சொல்லு.”

கென்னத் சவுக்கு மரத்தைப் பார்த்தான். தரையைப் பார்த்தான். உச்சி வெயிலில் நிழல் எல்லாம் மரத்தின் காலடியிலேயே சுருண்டு கிடந்தது. மடிக்கணினி காரில் இருந்தது. “பக்கவாட்டுல” என்றான்.

“பக்கவாட்டுலன்னா?”

“கடல் பக்கம்” என்றாள் புனிதா.

எல்லாரும் திரும்பினார்கள். அவளுக்குக் காது சூடானது. ஆனால் நின்றுவிடவும் முடியவில்லை. இரண்டு வருஷமாக உள்ளே கிடந்த பதில், வழி கிடைத்ததும் மொத்தமாகக் கிளம்பிவிட்டது. டிசம்பரில் கடல் பக்கம், கொஞ்சம் வடக்கே தள்ளி விழும். ஜூனில் தெற்கே தள்ளி விழும். வண்டியை வடக்கே பார்த்து நிறுத்த வேண்டும். அப்போதுதான் இடப்பக்கம் விரிக்கிற துணிப்பந்தல் கடலைப் பார்த்து இருக்கும், மரத்தின் நிழலோடு வண்டியின் நிழலும் சேரும். பதினொன்றரை வரைக்கும் தாங்கும். ஒன்பதாம் நம்பரில் மட்டும் எறும்பு, அங்கே நாற்காலி போடக் கூடாது.

குளோரியா ஆன்டி கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்தார். “இந்தப் பிள்ளை பேசுமா?”

கென்னத் அதற்குள் பதிலைத் தட்டி அனுப்பிவிட்டான். புனிதாவின் பை சத்தம் போடவில்லை. செய்தி வரும் ஓசையை அவள் முதலிலேயே அணைத்து வைத்திருந்தாள். பதில் அனுப்ப மறுபடி குழாய்ப் பக்கம் போகலாம் என்று ஒரு அடி எடுத்து வைத்தாள்.

“இரு, எதுக்கு டைப் பண்ணிக்கிட்டு? நானே அந்தம்மாகிட்ட பேசி ஒரு தேங்க்ஸ் சொல்லிடுறேன்” என்று கிளாரன்ஸ் அங்கிள் கென்னத் கையிலிருந்த நம்பரைப் பார்த்துத் தன் தொலைபேசியில் அழுத்தினார்.

ஒருவர் இன்னொருவரைக் கூப்பிட்டுப் பேசுவார் என்பது புனிதாவுக்குத் தோன்றவே இல்லை. அவள் யாரையும் கூப்பிட்டதே கிடையாது. கூப்பிடும் மணியை அவள் அணைத்து வைக்கவில்லை.

பைக்குள் நாதஸ்வரம் ஒலித்தது. அம்மா அந்தத் தொலைபேசியில் வைத்திருந்த கல்யாண மேளம்.

கிளாரன்ஸ் அங்கிள் தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்தார். மேளம் தொடர்ந்தது. நிறுத்தினார். மேளம் நின்றது. மறுபடி அழுத்தினார். மறுபடி கெட்டிமேளம் கிளம்பியது. குளோரியா ஆன்டி வாயைப் பொத்திக்கொண்டார். பொத்தியும் பயனில்லை, தோள் குலுங்கியது.

“பவுனம்மாளா?” என்றார் அங்கிள்.

புனிதா தலையைக் குனிந்தாள். குனிந்ததே ஆமாம் என்பதுபோல் ஆகிவிட்டது.

“அங்கிள், பாத்தீங்களா?” கென்னத்தின் குரல் ஏறியது. “இவதான் எல்லாம். நல்ல இடத்த எல்லாம் ஒளிச்சு வச்சுக்கிட்டு, என்னைய மோசமான இடத்துக்கு அனுப்பிட்டா. இவ நோட்டுலயே பதினேழுக்கு சூப்பர்னு எழுதியிருந்துச்சு, நான் கண்ணால பாத்தேன்.”

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கே கேட்டது.

“எந்த நோட்டு?” என்றார் அங்கிள் மெதுவாக.

கென்னத் கையிலிருந்த கோப்பைத் திறந்து அதற்குள் தேடினான். புனிதா பையைத் திறந்து சிவப்பு நோட்டை எடுத்து அங்கிளிடம் நீட்டினாள். அவர் வாங்கிப் புரட்டினார். நம்பர், மரம், திசை, மாசம், வாசனை. பக்கம் பக்கமாக. பத்துப் பன்னிரண்டு பக்கம் வரைக்கும் புரட்டிக்கொண்டே போனார்.

“நான் இத கைராசின்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்” என்றார். நோட்டை மூடி அவளிடமே திருப்பிக் கொடுத்தார். “வண்டிய எல்லாம் மரத்தடிக்குக் கொண்டு போங்க. வடக்க பாத்து. அப்புறம், திங்கட்கிழமை காலையில அந்தப் பவுனம்மாள் புக்கிங் நாற்காலியில உக்காந்திருக்கணும், சொல்லிட்டேன். ஆனா இன்னொரு தடவை எனக்குத் தெரியாம இந்த மாதிரி விளையாடுச்சுன்னா பவுனம்மாளையும் கவுன்டருக்கு அனுப்பிடுவேன். கென்னத், நீ கிள்ளானுக்குப் போ. உனக்குதான் பேச வருதே.”

“பேச வரும், படிக்கதான் வராது” என்றார் குளோரியா ஆன்டி.

வண்டிகள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. பக்கிரிசாமி முன்னால் நின்று கையைக் காட்டி ஒவ்வொன்றையும் வடக்கே திருப்பிவிட்டார். கென்னத் மட்டும் மொட்டைத் திடலில் கழுத்தைச் சொறிந்துகொண்டு நின்றான். கொசுவுக்கு அவனைப் பிடித்துவிட்டது.

புனிதா அவன் அருகில் வந்தாள். நோட்டின் முதல் பக்கத்தைத் திறந்து, விரலால் காட்டி, அவன் முன்னால் பிடித்தாள். கென்னத் குனிந்தான். பாட்டுப் புத்தகத்தைப் படிக்கிறவன்போல, எழுத்துக்கு எழுத்து நின்று, வாய்க்குள்ளேயே படித்தான்.

“சூ... சூடு. கொ... கொசு. நா... நாத்தம்.” கடைசி வரியில் அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. “நி... நிழல்.”

நிமிர்ந்து அவளைப் பார்த்தான். கோப்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு கையால் கொசுவை விரட்டிக்கொண்டு, காரை நோக்கி நடந்துபோனான்.